மோப்ப நாய் முதலில் தோப்புக்கு வரட்டும்: புதுச்சேரி, கடலூர் காவல்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புதுச்சேரி காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் கடலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பகுதியில் சவுக்கும் கொஞ்சம் முந்திரியும் வைத்துப் பிழைப்பவன். துப்பாக்கியையும் தோட்டாவையும் வெடிமருந்தையும் மோந்து கண்டறியும் நாய்களை எங்கள் பகுதியில் முறையாகவும் தொடர்ச்சியாகவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். அந்த நாய்கள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, அவை காட்டுவதை வைத்துக் காவலர் எதுவரை செல்லலாம் என்பதை முன்கூட்டியே எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். நாய் மட்டும் வந்து விதி வராமல் போனால், ஏற்கெனவே காவலரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் தெருக்கள் இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும். தகவல் தருபவர்கள் குறைவார்கள்.

இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே மடலை எழுதுவதற்கு எங்கள் நில அமைப்பே காரணம். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பத்தைத் தாண்டினால் வரும் ரெட்டிச்சாவடி தமிழ்நாட்டுக்கு உரியது. கிருமாம்பாக்கமும் கன்னியக்கோயிலும் மீண்டும் புதுச்சேரி. முள்ளோடையைக் கடந்தால் மறுபடியும் கடலூர் மாவட்டம். வயல் வரப்பே மாநில எல்லையாகக் கிடக்கும் இடங்கள் எங்கள் பக்கம் ஏராளம். ஒரு பக்கத்தில் சோதனை என்றால் பை மறுபக்கம் போகும், அங்கே சோதனை என்றால் இந்தப் பக்கம் திரும்பும். ஆகவே, ஒரு காவல்துறை எத்தனை நல்ல நாயை வளர்த்தாலும், அதன் கயிறு மாநில எல்லையில் நின்றுவிடுமானால் எங்களுக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

வெடிகுண்டு எங்கள் பகுதிக்குப் புதிய செய்தி அன்று. 2014 ஜனவரி 29 அன்று, அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த நாராயணசாமி அவர்களின் புதுச்சேரி வீட்டருகே நின்ற காருக்கு அடியில் குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. 2017 ஜனவரி 3 அன்று காரைக்கால் பகுதியில் நிரவி அருகே முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி. சிவக்குமார், வெடிகுண்டு வீசி வெட்டிக் கொல்லப்பட்டார். 2023 மார்ச் 26 இரவு வில்லியனூரில், ஆட்கள் நடமாடும் கடைத்தெருவில், அரசியல் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் அதே முறையில் கொல்லப்பட்டார். அந்த வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. இவை தலைப்புச் செய்தியான நிகழ்வுகள். பெரிய பெயர் இல்லாதவர்களுக்கு நேர்ந்தவை மாவட்டச் செய்திப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் அந்த நான்கு வரியைப் படிக்கும் எங்கள் ஊர்த் தாய்மார்கள் பிள்ளைகளை இருட்டுவதற்குள் வீடு திரும்பச் சொல்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

வேறு நாடுகளில் இத்தகைய நாய்களைப் பற்றிப் பேசும்போது கைத்துப்பாக்கியே முதலில் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க நகரங்களிலும் பிரிட்டனிலும் பள்ளி, ரயில் நிலையம், விளையாட்டு அரங்கு ஆகிய இடங்களில் துப்பாக்கியைத் தேடுவதற்கென்றே பழக்கிய நாய்கள் இருக்கின்றன. எங்கள் நிலைமை வேறு. கொலைச் செய்திகளில் அரிவாளும் நாட்டு வெடிகுண்டும் அடிக்கடி வருகின்றன. நாட்டுத் துப்பாக்கி எப்போதாவது வருகிறது. அங்கே வெற்றி கண்ட பயிற்சியை அப்படியே இறக்கி வைத்தால், இங்கே இல்லாத பொருளைத் தேடுவதில் கெட்டிக்கார நாயும், இங்கே இருக்கும் பொருளைக் கடந்து போகும் நாயும் நமக்குக் கிடைக்கக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நாய் எதை மோக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம் என்றால், நாயின் மூக்கில் இருபது, முப்பது கோடி வரை இருப்பதாகச் சொல்கிறார்கள். அத்தனை கூரிய மூக்குக்கும் வெறும் இரும்பு பெரிய மணத்தைத் தருவதில்லை. துப்பாக்கியை நாய் கண்டுபிடிக்கிறது என்றால், தோட்டாவுக்குள் இருக்கும் புகையற்ற வெடிமருந்தின் ஆவியை, அதில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் டைஃபினைலமின் போன்ற பொருட்களை, சுட்ட பின் குழாயில் படியும் கரியை, துடைக்கப் பயன்படும் எண்ணெயை அது மோந்து அறிகிறது. நாட்டுத் துப்பாக்கியில் இடிப்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த பழைய கருமருந்து. அதன் மணம் வேறு. நாட்டு வெடிகுண்டில் இருப்பது பெரும்பாலும் குளோரேட் உப்பு சேர்ந்த கலவை. அதன் மணம் இன்னும் வேறு. ஒன்றைக் காட்டிப் பழக்கிய நாய் மற்றொன்றையும் தானாகவே காட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. அரிவாளை எந்த நாயும் காட்டப்போவதில்லை என்பதையும் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நாய் வந்தும் வெட்டு விழுந்த முதல் நாளிலேயே திட்டம் தோற்றுவிட்டதாகப் பேச்சு எழும்.

இந்தியாவில் பயிற்சிக்குக் குறைவில்லை. குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் பல மாநிலக் காவல்துறைகளுக்கு நாய்களையும் காவலர்களையும் பழக்கித் தருகிறது. மீரட்டில் ராணுவத்தின் கால்நடைப் படைப்பிரிவு மையமும், பெங்களூரு அருகே தரளுவில் மத்திய ரிசர்வ் காவல் படையின் பள்ளியும் உள்ளன. உள்துறை அமைச்சகத்தில் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. அங்கே பயிற்சி முடிந்து வரும் நாய்க்கு, நம் பகுதி வழக்குகளில் கைப்பற்றி நீதிமன்ற அனுமதியோடு பாதுகாப்பாகப் பிரித்தெடுத்த வெடிமருந்தின் மாதிரிகளைக் கொண்டு, வெடிபொருள் வல்லுநர்களின் மேற்பார்வையில் இங்கே மறுபயிற்சி தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகிய நம் இனங்களைச் சேர்க்கலாமே என்று ஊரில் ஆசையோடு கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆயினும் அவற்றுள் பல கண்ணால் பார்த்துத் துரத்தி வேட்டையாட வளர்த்தவை. உயிர் காக்கும் வேலையில் எந்த நாய் சோதனையில் தேறுகிறதோ அதற்கே இடம் தர வேண்டும், ஊர்ப்பெருமை அதற்குப் பின்னால் வரட்டும்.

நாய் பொருளைக் கண்டதும் எப்படிக் காட்டுகிறது என்பதும் எங்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து உராய்வுக்கும் அதிர்வுக்கும் உடனே வெடிக்கக்கூடியது. அந்தக் கலவை உள்ள வெடிபொருளைச் செய்வதும் வைத்திருப்பதும் விற்பதும் 1992 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டதற்கு அதுவே காரணம். நாய் காலால் பிறாண்டிக் காட்டும் பழக்கம் உள்ளதாக இருந்தால், முதலில் சாவது நாயும் அதன் கயிற்றைப் பிடித்திருக்கும் காவலரும்தான். கண்டதும் அசையாமல் உட்கார்ந்து காட்டும் நாயை மட்டுமே இந்தப் பணிக்கு எடுக்க வேண்டும். வெடிகுண்டு தடுப்புப் பிரிவினர் உடன் வராமல் எந்தத் தேடலும் தொடங்கக் கூடாது.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். வெடிகுண்டு செய்பவர்கள் அதைத் தங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவது அரிது. ஆளில்லாத தோப்பு, பாழடைந்த மோட்டார் கொட்டகை, பாதியில் நின்றுபோன கட்டடம், ஆற்றங்கரை நாணல், ரயில் பாதையோரக் கருவேலம் புதர் ஆகியவையே அவர்களுக்கு வசதி. சவுக்குத் தோப்பில் சருகு கூட்டி அள்ள வரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். முட்டளவு சருகுக்குள் வெறுங்கையை விட்டு வாருகிறார்கள். மிளார் பொறுக்கிக் கட்டுகிறார்கள். கூடவே வந்த சிறு பிள்ளைகள் மரத்தடியில் விளையாடுகிறார்கள். தேனீர்க் கடையில் பையோ சணல் சுற்றிய உருண்டையோ கிடந்ததாக ஒரு வதந்தி கிளம்பினாலே அடுத்த வாரம் வேலைக்கு ஆள் வருவதில்லை. பன்றி விரட்ட வைக்கும் அவுட்டுக்காய் என்கிற வெடி இரையும் இதே ஆபத்தைச் சேர்ந்ததுதான். மாடு மேய்க்கும் பையனுக்கு அது எதற்காக வைக்கப்பட்டது என்று தெரியாது. இந்த இடங்களில் எவருடைய மானமும் அந்தரங்கமும் குலைவதில்லை. நில உரிமையாளரின் சம்மதத்தோடு நாய் எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம். தேடலின் பெரும்பகுதி, குறிப்பாகத் தேர்தல், திருவிழா, ஊர்ப் பகை மூளும் நாட்கள் ஆகியவற்றுக்கு முன்னால், இந்தத் திறந்த வெளிகளில் நடக்க வேண்டும் என்பதே இந்த மடலின் மையக் கோரிக்கை.

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரும் வில்லியனூர்த் தேரும் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையும் கூட்டம் பெருகும் இடங்கள். கூட்டம் சேருமுன்பே மேடையையும் தேரோடும் வீதியையும் குப்பைத் தொட்டிகளையும் நாய் பார்த்துவிடுவது நல்லது. கூட்டத்துக்கு நடுவே நடந்து போகிறவரின் உடம்பிலிருந்து காற்றில் படரும் வெடிமருந்து மணத்தைத் தொடரும் முறையை அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவரும் எண்ணம் எழுந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: நம் ஊர்த் திருவிழாவில் வாணவேடிக்கை இல்லாத இரவு கிடையாது, சாவு ஊர்வலத்தில்கூட வெடி வெடிக்கிறோம். திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரியில் வேலை செய்துவிட்டு வருகிறவரின் சட்டையில் வெடிமருந்துத் தூசி இருந்தால் அதில் வியப்பில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் பாதி ஊரின் கைகளில் அந்த மணம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் நாய் ஒருவரைக் காட்டியது என்பதற்காக அவரை அடித்து இழுத்துச் செல்வது நடந்தால், அந்தக் குடும்பத்துக்கு ஆன சேதத்தை எந்த விளக்க அறிக்கையும் சரிசெய்யாது.

வாணவேடிக்கை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 தீபாவளி நாளில் புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில், ஸ்கூட்டரில் எடுத்துச் சென்ற நாட்டு வெடி வெடித்து ஒரு தந்தையும் அவருடைய சின்ன மகனும் இறந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரில் காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடியில் வெடி தயாரிக்கும் இடத்தில் நடந்த விபத்தில் கூலி வேலைக்குச் சென்ற பெண்கள் பலர் மாண்டார்கள். இவர்கள் எவரும் ரவுடிகள் இல்லை. ஆனால் ரவுடியின் கைக்குப் போகும் மருந்தும் எங்கோ ஒரு கிடங்கிலிருந்தோ கடையின் பின்கட்டிலிருந்தோதான் கசிகிறது. உரிமம் பெற்ற இடங்களில் இருப்புக் கணக்கையும், உரிமம் இல்லாத இடங்களில் நாயின் மூக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால், எறிபவனைப் பிடிப்பதற்கு முன்பே மருந்து விற்பவனை அடைய வழி உண்டு. கண்டெடுத்த ஒவ்வொரு குண்டிலிருந்தும் மாதிரி எடுத்துத் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பி, இரண்டு மாநிலக் கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே கலவை எங்கெங்கே திரும்ப வருகிறது என்று தேடும் வேலையை நாய்ப் பிரிவோடு இணைக்க வேண்டும். அது நடக்காவிட்டால், கண்டெடுத்த பையோடு நாளிதழுக்குப் படம் எடுத்துக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடும்.

இனி வீடுகளைப் பற்றி. அதிகாலையில் ரவுடிப் பட்டியலில் உள்ளவர்களின் வீடுகளைச் சோதிப்பது புதுச்சேரியில் வழக்கமாகி வருகிறது. அதன் அவசியத்தை முழுவதும் மறுப்பவன் நான் இல்லை. ஆனால் பட்டியலில் ஒருவர் பெயர் இருக்கும் வீட்டில் அவருடைய தாயும் மனைவியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கிறார்கள். காவல் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்பதற்காக இரவில் வீட்டுக்குள் நுழைவதை 1962-லேயே உச்ச நீதிமன்றம் கரக் சிங் வழக்கில் அரசமைப்புக்கு எதிரானது என்று தள்ளியது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதியானது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவாக எடுத்துத் தாமதமின்றி நீதித்துறை நடுவருக்கோ மாவட்ட நடுவருக்கோ அனுப்பச் சொல்கிறது. 103-ஆம் பிரிவு, அந்தப் பகுதியைச் சேர்ந்த சுதந்திரமான சாட்சிகள் இருவரேனும் உடனிருக்க வேண்டும் என்கிறது. 185-ஆம் பிரிவு, சோதனை ஆணை இன்றிச் சோதிப்பதற்கான காரணத்தை எழுதி 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. கேமரா, சாட்சி, எழுதிய காரணம் ஆகிய மூன்றும் நாய் வந்த சோதனைக்கும் பொருந்தும் என்பதைத் தங்கள் சுற்றறிக்கையில் தெளிவாக எழுத வேண்டும். நாய் வாசலில் உட்கார்ந்தது என்பதே வீட்டுக்குள் போவதற்கான காரணமாகிவிடக் கூடாது. வீட்டு வாசலுக்கு நாயைக் கொண்டுவந்து மோக்கவிடுவதே ஒரு சோதனைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ல் ஒரு போதைப்பொருள் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, அதன் நியாயம் நமக்கும் புரியக்கூடியதே.

நாய் காட்டியது என்பதை வைத்து மனிதர்மீது எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பதில் நம் உச்ச நீதிமன்றம் நீண்ட காலமாகவே எச்சரிக்கையோடு இருக்கிறது. மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1969-லேயே, மோப்பம் பிடித்து ஆளைக் காட்டும் நாயின் சாட்சியம் ஏற்கத்தக்கதாயினும் அதற்குப் பெரிய எடை தர இயலாது என்று சொல்லப்பட்டது. அது குற்றவாளியின் தடத்தைத் தொடரும் நாய் பற்றியது. மறைத்து வைத்த பொருளைக் காட்டும் நாய் ஒரு வகையில் அதைவிட நம்பத்தக்கது, ஏனெனில் தோண்டினால் பொருள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் தோண்டிப் பார்த்து ஒன்றும் இல்லாதபோது என்ன செய்வது என்பதில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது.

நாயைக் கையாளும் காவலரின் எண்ணம் கயிற்றின் வழியே நாய்க்குப் போய்ச் சேருகிறது. கலிபோர்னியாவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 18 நாய்களையும் அவற்றைக் கையாள்பவர்களையும் எந்தப் போதைப்பொருளும் வெடிமருந்தும் வைக்கப்படாத அறைகளில் தேடச் செய்தார்கள். இன்ன இடத்தில் பொருள் இருக்கக்கூடும் என்று கையாள்பவர்களை மட்டும் நம்பவைத்தார்கள். பெரும்பாலான தேடல்களில் நாய் எதையோ காட்டியதாகக் கையாள்பவர்கள் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் போதைப்பொருள் நாய்களைப் பற்றி அங்குள்ள குறைகேள் அதிகாரி 2006-ல் அளித்த அறிக்கையில், நாய் காட்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தருணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில்தான் போதைப்பொருள் கிடைத்தது என்று பதிவாகியுள்ளது. வெடிமருந்து நாய்க்கு இதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயிற்சியும் வேலையும் வேறு. மனிதரைச் சுற்றி நாயை நடத்தும்போது மனிதரின் முன்முடிவும் கூடவே நடக்கிறது என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம். எங்கள் பகுதியில் அந்த முன்முடிவு எந்தத் தெருவை நோக்கிப் போகும் என்று தங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மீனவர் குப்பம், காலனி, நரிக்குறவர் குடியிருப்பு ஆகியவற்றில் நாய் நுழைவதும், மதில் வைத்த பெரிய வீடுகளின் தெருவை அது கடந்து போவதும் வழக்கமாகிவிட்டால், குண்டு எங்கே இருக்கிறது என்ற கேள்வி மறைந்து, யார் சந்தேகத்துக்குரியவர் என்ற கேள்விக்கு நாய் முத்திரை குத்தும் கருவியாகிவிடும். உரிமத்தோடு பறவைத் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பத்தின் வீட்டில் கருமருந்து மணம் இருப்பது இயல்பு என்பதையும் நாயைக் கொண்டுவருபவர் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதைத் தடுக்க ஒரு நடைமுறை வழி உண்டு. தேடும் வேலையை, அந்த இடத்தைப் பற்றிய சந்தேகம் எதையும் அறியாத காவலரும் நாயும் செய்யட்டும். தகவல் பெற்ற அதிகாரி விலகி நிற்கட்டும். மாதந்தோறும் ஒளித்து வைத்த மாதிரிகளோடும், ஒன்றுமே வைக்காத வெற்று இடங்களோடும் நாயைச் சோதித்து, வெற்று இடத்தில் அது எத்தனை முறை உட்கார்ந்தது என்பதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். கண்டுபிடித்ததை மட்டும் எழுதி, தவறாகக் காட்டியதை விட்டுவிடும் பதிவேட்டால் நீதிமன்றத்திலும் பயன் இல்லை, நாயின் பயிற்சிக்கும் பயன் இல்லை.

பள்ளிகளுக்கு நாயைக் கொண்டுபோக வேண்டாம் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். குற்றச் செய்திகளில் சிறுவர்களின் வயது அடிபடும்போது வகுப்பறைப் பைகளை மோக்கச் செய்யலாமே என்ற யோசனை எளிதில் எழும். ஒரு முறை நாய் உட்கார்ந்த பைக்கு உரிய பிள்ளை, அதில் இருந்தது முந்தின நாள் தெருவில் பொறுக்கிய ஊசிவெடி என்று பின்னர் தெரிந்தாலும், மறுநாள் பள்ளிக்கு வராது. நாயை அஞ்சும் முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளிலும், நாய் வீட்டுக்குள் வருவதை மார்க்க நெறிப்படி விரும்பாத குடும்பங்களிலும், வெளியே நிறுத்திப் பேசித் தொழுகை இடத்தையும் சமையல் இடத்தையும் தவிர்த்து நடப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது.

நாய்க்காகவும் நான் பேச வேண்டும். பங்குனி தொடங்கி ஆவணி வரை எங்கள் வெயிலைத் தாங்கள் அறிவீர்கள். வாயைத் திறந்து மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோக்க முடியாது. இடைவிடாமல் நீண்ட நேரம் வேலை வாங்கினால் குளிர்ந்த காலத்திலேயே அதன் கவனம் தளரக்கூடும். விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் தேடுதல், நிழலும் தண்ணீரும் உள்ள வண்டி, ஒரு நாய் ஓயும்போது மற்றொன்று, கால்நடை மருத்துவர், பணி முடிந்த நாய்க்கு நல்ல வளர்ப்பு வீடு ஆகியவை செலவுக் கணக்கில் முதலிலேயே இடம்பெற வேண்டும். நாயைக் கையாளும் காவலரை இரண்டு ஆண்டில் வேறு பணிக்கு மாற்றினால், அந்த இணையின் பயிற்சி முழுவதும் வீணாகும் என்பதையும் இடமாற்ற உத்தரவு எழுதும் மேசைக்குத் தாங்கள் தெரியப்படுத்த வேண்டும்.

புதுச்சேரி, கடலூர் காவல்துறைகள் இதற்கென ஒரு கூட்டு ஏற்பாட்டை எழுத்தில் செய்துகொள்ள வேண்டும். புதுச்சேரி நாய் கடலூர் மாவட்டத் தோப்பில் நடக்கும்போது எந்தக் காவல் நிலையம் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதும், கிடைத்த பொருள் எந்த நடுவர் முன் செல்லும், வெடிபொருள் சட்டத்தின் கீழ் வழக்கு நடத்த மாவட்ட நடுவரின் ஒப்புதலை எந்தப் பக்கம் பெறும் என்பவை முன்பே முடிவாகி இருந்தால், வழக்கு தொழில்நுட்பக் காரணத்தால் உடையாது. புதுச்சேரிக்கே உரிய மாஹே, வெடிகுண்டு வன்முறையில் நெடுநாள் அனுபவமுள்ள கண்ணூர் மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது இந்த விஷயத்தில் உதவக்கூடியது. ஆளில்லாத தோட்டங்களில் நாயோடும் வெடிகுண்டுப் பிரிவோடும் தொடர்ந்து தேடும் வழக்கம் அங்குள்ள காவலர்களுக்கு உண்டு.

கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எவரும் கேட்பதற்கு முன்பே தகவலை வெளியிடச் சொல்கிறது. ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் நாய் எத்தனை முறை சென்றது, திறந்த வெளியில் எத்தனை, வீட்டில் எத்தனை, எத்தனை முறை காட்டியது, அவற்றுள் எத்தனை முறை பொருள் கிடைத்தது, எத்தனை முறை ஒன்றும் இல்லை என்பவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலைய அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். எந்தப் புலனாய்வும் இதனால் கெடாது. நாய்ச் சோதனையில் தவறு நேர்ந்ததாகக் கருதுபவர் எங்கே போக வேண்டும் என்பதையும் அதே பலகையில் எழுதலாம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்ட காவல் புகார் ஆணையம் இத்தகைய முறையீடுகளுக்கு உரிய இடமே.

சவுக்கு வெட்டு தொடங்குமுன் எங்கள் பகுதித் தோப்புகளில் முதல் தேடலை நடத்த முன்வாருங்கள் என்று கேட்கிறேன். என் தோப்புக்கான எழுத்துமூலச் சம்மதத்தை இன்றே கையெழுத்திட்டுத் தரத் தயார். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் பேசிச் சம்மதம் வாங்கித் தருகிறேன். சருகு அள்ள வரும் பெண்களுள் இருவரைச் சாட்சியாக அழைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புதரில் புதிய மண் கிளறப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தேடலில் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அதையும் எழுத்தில் தாருங்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் நான் அடுத்த வாரம் வேலைக்கு ஆள் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாகூர் கொம்யூன் தோப்புக்காரர் ஒருவர்